மூல நட்சத்திரத்தில் பத்துப் பெண்களைக் காணோம்

என் கண்ணு,

உன் நான்கு வரிக் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குச் சம்மதம் இல்லாமல் கற்பகத்தைக் கட்டிக்கொள்ள மாட்டேன், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டேன், இனி இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். எழுதாதே என்றால் நான் கேட்பவனா? ஊரார் பிறந்ததையும் செத்ததையும் முப்பது வருஷமாக எழுதியே கை காய்த்துப்போனவன். சண்டை வந்ததிலிருந்து நல்ல காகிதம் கிடைப்பதில்லை. அதனால் பூந்தமல்லி ஆபீசில் கழித்துப் போட்ட பதிவுப் படிவங்களின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து படி. உன் அம்மா அந்தப் பெண்ணை ஏன் வேண்டாம் என்றாள் என்பது இதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள நான் ஏழு மாதம் அலைந்த முட்டாள்தனமும் இருக்கிறது. கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கவும் போகிறேன்.

திருநின்றவூர் வாத்தியார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாம் மூவரும் போன நாளை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் சேரும் பிள்ளைகளின் வயதைச் சரிபார்க்க அவர் என் ஆபீசுக்கு வந்து போவார், அப்படி ஏற்பட்ட சிநேகம் அது. பந்தியில் அவர் மகள் கற்பகம் பாயசம் ஊற்றினாள். நீ இலையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தாய், பாயசம் உன் மடியில் வழிந்தது. ரயிலில் திரும்பி வரும்போது அம்பத்தூர் வரும்வரை நீ ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா என் தொடையில் கிள்ளி, "இந்தப் பொண்ணு நம்ம ஊட்டுக்கு வந்தா இன்னா?" என்று கேட்டாள். ஆமாம், முதலில் கேட்டவள் அவள்தான். இது உனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே முதலில் சொல்கிறேன்.

நீ கோயமுத்தூருக்குத் திரும்பிய பத்தாம் நாள் வாத்தியார் ஜாதகத்தோடு வந்தார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். "பொண்ணு மூலம். மாத்தி எழுதித் தரேன்னு ரெண்டு பேரு சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். பொய்ய எடுத்துகினு எம்பொண்ணு யாரு ஊட்டு வாசப்படியும் ஏறக் கூடாது." மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் சொல்வது உனக்குத் தெரிந்ததுதான். இங்கே மாமனார் என்றால் அது நான். நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. மஞ்சள் தடவிய அந்தக் காகிதத்தை வாத்தியார் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் போன பிறகு, "வேணாம்" என்று ஒரே ஒரு சொல். ஏன் என்று கேட்டேன். சாகப் போகிறவன் நான், எனக்கே கவலை இல்லை, உனக்கென்னடி என்று கத்தினேன். அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். வாத்தியார் மட்டும் பெரிய மனதோடு, "ஆடி போற வரைக்கும் காத்துகினு இருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார்.

இங்கேதான் என் முதல் தப்பு. ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், அந்த வேண்டாம் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவளைத் தோற்கடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு ஆயுதமும் நீ கொடுத்துவிட்டுப் போனதுதான். அதற்கு முந்தின லீவில் நீ உன் நெல் ஆராய்ச்சி ஆபீஸ் வேலையை எனக்கு விளக்கினாயே, இரண்டு ரக நெல், நோய் தாக்கியது எத்தனை, தாக்காதது எத்தனை, வித்தியாசம் மெய்யா தற்செயலா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் கணக்கு. அப்போது நான் கொட்டாவி விட்டதாக நீ கோபித்துக்கொண்டாய். கொட்டாவி விட்டேன், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நட்சத்திரம் இருபத்தேழு. சந்திரன் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு நாள் தங்குகிறான். ஒன்றில் கொஞ்சம் கூட, ஒன்றில் கொஞ்சம் குறைய, பல வருஷத்தில் அது சரியாகிவிடும். பெண் குழந்தைகள் பஞ்சாங்கம் பார்த்துப் பிறப்பதில்லை. ஆகவே இருபத்தேழு பெண்களுக்கு ஒருத்தி மூலமாக இருக்க வேண்டும். பூந்தமல்லிக் கடைத்தெரு ஜோசியர், தன்னிடம் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் முடிந்த ஒவ்வொரு பெண்ணின் நட்சத்திரத்தையும், அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டையும், முகூர்த்த மாதத்தையும் நோட்டில் எழுதி வைப்பவர். மூலப் பெண்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகளில் மாமனார்கள் எத்தனை பேர் சீக்கிரம் போனார்கள் என்று என் இறப்புப் பதிவேட்டில் பார்த்துவிடலாம் என்பது என் திட்டம். நோட்டில் முந்நூற்று இருபத்து நான்கு பெண்கள் இருந்தார்கள். மூலம் பன்னிரண்டு இருக்க வேண்டும். நான் எண்ணினேன். இரண்டு. மறுபடி எண்ணினேன். இரண்டே இரண்டு.

மாமனாரை விட்டுவிட்டு முதலில் இதற்கே கணக்குப் போட்டேன். நீ சொன்ன மாதிரியே செய்தேன், சரிபார்த்துக்கொள். எதிர்பார்த்தது பன்னிரண்டு, கண்டது இரண்டு, வித்தியாசம் பத்து. மற்ற நட்சத்திரங்களை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டால் எதிர்பார்த்தது முந்நூற்றுப் பன்னிரண்டு, கண்டது முந்நூற்று இருபத்திரண்டு, இங்கேயும் வித்தியாசம் பத்து. ஒரு பக்கம் குறை, ஒரு பக்கம் மிகை. அப்படியே கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும், அதனால் பத்தைப் பத்தால் பெருக்கி நூறாக்க வேண்டும். பன்னிரண்டில் பத்துக் குறைவதும் முந்நூற்றில் பத்து மிகுவதும் ஒன்றல்ல, அதனால் ஒவ்வொரு நூறையும் அதன் எதிர்பார்த்த எண்ணால் வகுக்க வேண்டும். முதல் பெட்டிக்கு எட்டும் சொச்சமும், இரண்டாவதற்குக் காலும் சொச்சமும். கூட்டினால் எட்டரைக்கு மேல். இரண்டு பெட்டிகளில் ஒன்றை நிரப்பினால் மற்றது தானாக நிரம்பிவிடும், ஆகவே சுதந்திரம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, நம் நாட்டுக்கு அதுவும் இல்லையே என்று நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு சுதந்திரத்துக்கு உன் அட்டவணை காட்டும் எல்லை மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேல். வெறும் தற்செயலாக அந்த எல்லையைத் தாண்டுவது இருபது தடவைக்கு ஒரு தடவைதான் நடக்கும். நான் எட்டரையில் நிற்கிறேன். யாரோ என்னமோ செய்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. யார், என்ன என்பதைக் கணக்கு சொல்லவில்லை. அதற்கு ஜோசியரிடம் போனேன்.

"இன்னா ஜோசியரே, மூலத்துல பன்னண்டு பொண்ணுங்க இருக்கணும். ரெண்டு தான் கீது. மிச்சம் பத்து எங்க போச்சு?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "எங்கியும் போகல. வேற நட்சத்திரத்துல போய் ஒக்காந்துகினு கீறாங்க. பொண்ணப் பெத்தவன் வந்து கால்ல உழுந்து அழுவறான். ஒரு நாளு, ரெண்டு நாளு தள்ளி எழுதிக் குடுத்துடறேன். நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் ஜாதகத்தை நம்பி எண்ணுவது வீண் என்று புரிந்தது. நல்லவேளையாக நான் ஜாதகம் எழுதுகிறவன் அல்ல, பிறந்த நாளை எழுதுகிறவன். சேக்காடு, திருமுல்லைவாயில், திருநின்றவூர், சுற்றுவட்டாரக் கிராமப் புத்தகங்கள் எல்லாம் என் பதிவறை அலமாரியில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பெண்ணின் நிஜமான பிறந்த நாளையும் தேடி, பழைய பஞ்சாங்கத்தில் அன்றைய நட்சத்திரத்தைப் பார்த்தேன். பதிவேட்டில் நாள் உண்டு, நாழிகை கிடையாது. ஆகவே சூரிய உதயத்தில் எந்த நட்சத்திரமோ அதையே எல்லாருக்கும் வைத்தேன். சில பிசகும், ஆனால் வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்த்துப் பிசகாது. தேடிப் பார்த்தால் அந்த நோட்டிலேயே மூலப் பெண்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பிறகு அவர்கள் மாமனார்களைப் பார்த்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்துக்குள் போன மாமனார்கள் அந்த நோட்டு முழுக்க ஆறில் ஒருவர். அந்தக் கணக்குக்குப் பன்னிரண்டு பெண்களுக்கு இரண்டு பேர். போனதும் இரண்டு பேர். கை-ஸ்கொயர் பூஜ்யம்! நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து உன் அம்மாவிடம் கூத்தாடினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உனக்கும், ஆபீஸ் விஷயமாக ஒரு சந்தேகம் என்று பொய் சொல்லி, கணக்கை மட்டும் எழுதி அனுப்பினேன். அந்த ஆபீஸ் கணக்கு இதுதான், மன்னித்துக்கொள்.

நீ பெயரைக்கூடப் போடாமல் பதில் எழுதினாய். 'நைனா, எதிர்பார்த்த எண் ஐந்துக்குக் கீழே போனால் அந்தக் கட்டத்தை நம்பக் கூடாது. உங்களிடம் இரண்டுதான் இருக்கிறது. ஒரே ஒரு ஆள் கூடுவதும் குறைவதும் முடிவைப் புரட்டிப் போட்டுவிடும். இன்னும் நிறையச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.' பெற்ற பிள்ளை அப்பனுக்கு மார்க் போடுகிறானா என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் முறைப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் நீ சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் நிறைய என்றால் எங்கே போவது? பதிவறையில் என்னோடு வேலை பார்க்கும் காதர்தான் வழி சொன்னான். நான் நோட்டும் பஞ்சாங்கமுமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தான்.

"அண்ணாத்தே, எங்க பொண்ணுங்கள ஏன் உட்டுட்ட?"

"உங்களுக்குத்தான் ஜாதகமே கிடையாதே, காதர்."

"ஜாதகம் இல்லன்னா, பொறக்கறப்போ மேல நட்சத்திரம் இல்லாமப் போச்சா? எங்காளுங்கள்லயும் மாமனாருங்க செத்துகினு தான் கீறாங்க."

அவன் சொன்னது சரி. பிறந்த நாள் என் புத்தகத்தில் இருக்கிறது, நிக்காஹ் நாள் பள்ளிவாசல் புத்தகத்தில் இருக்கிறது, மாமனார் இறந்த நாளும் என் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பெண்களுக்குத் தங்கள் நட்சத்திரம் தெரியாது, புகுந்த வீட்டுக்கும் தெரியாது. மறைப்பவர் யாரும் இல்லை. இத்தனை காலம் பக்கத்து மேஜையில் இருந்தவனின் வீட்டை நான் எண்ணத் தகுதியில்லாதது போலத் தள்ளி வைத்திருந்தேன். காதரே பள்ளிவாசலில் பேசி, புத்தகத்தைப் பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தான். ஜோசியரும் தன் அப்பா காலத்துப் பழைய நோட்டுகளைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

அந்தப் பழைய நோட்டில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், உன் அம்மாவின் பெயர் வந்தது. நான் தேடிப் போகவில்லை, வரிசையில் வந்தது. ஜாதகத்தில் உத்திராடம். திருமுல்லைவாயில் பிறப்புப் புத்தகத்தை எடுத்தேன், இரண்டு நாள் முன்னால் இருந்தது. பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். மூலம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, கண்ணு. இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா என்று தோன்றியது. வீட்டுக்குப் பறந்து வந்தேன். அவள் முறத்தை மடியில் வைத்துப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "அடியே, நீயே மூலம்தான்! இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியாச்சு, எங்கப்பாவுக்கு என்ன..." என்று தொடங்கினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் கல்யாணமான எட்டாம் மாதம் என் அப்பா ஜுரத்தில் நாலே நாளில் போனார். அதை நான் மறந்தே போயிருந்தேன் என்று சொன்னால் நீ நம்ப வேண்டும். அவர் செத்ததை மறக்கவில்லை. எப்போது செத்தார் என்பதை இவளோடு சேர்த்து நான் ஒரு நாளும் நினைத்ததே கிடையாது.

அவள் நினைக்காத நாள் கிடையாது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மின்னாடியே தெரியும். வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா கற்பூரத்த அணைச்சி சத்தியம் வாங்கினாங்க. உங்கப்பா போனப்போ, ஊருக்கே வந்த ஜுரம் தானேன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்துக்கினேன். மனசு கேக்கல. நாந்தான் அவர முழுங்கிட்டேன். அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னா கோவம்? தங்கமான பொண்ணு. ஆனா அவ வந்தா நீங்க போயிடுவீங்க. உங்கள உட்டுக் குடுக்க என்னால முடியாது."

உன் தாத்தா திதிக்கு அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பதை நீயும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். மாமனார்மேல் என்ன பக்தி பார் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன். அவள் தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோற்றைத் தின்றுகொண்டு, எனக்கு அது தெரியவில்லை. அன்றைக்கு என்னை நினைத்தே எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவளை ஜெயிப்பதற்காக நான் எண்ணவில்லை. அவளுக்காக எண்ணினேன். எல்லாம் சேர்த்து எழுநூற்று எண்பது கல்யாணங்கள். மூலப் பெண்கள் முப்பது பேர். ஐந்து வருஷத்துக்குள் போன மாமனார்கள் மொத்தம் நூற்று முப்பது, இங்கேயும் ஆறில் ஒருவர்தான். ஆகவே மூலப் பெண்கள் வீட்டில் எதிர்பார்க்க வேண்டியது ஐந்து. உன் ஐந்து வந்துவிட்டது! கண்டது ஆறு. அந்த ஆறில் ஒன்று நம் வீடு. மூலம், மற்றவை, மாமனார் போனது, போகாதது என்று பிரித்த நான்கு கட்டத்துக்கும் போட்டுக் கூட்டினால் கை-ஸ்கொயர் வெறும் கால். தாண்ட வேண்டியது மூன்றே முக்காலுக்கு மேல், என்னிடம் இருப்பது கால். இரண்டு தடவை போட்டேன், கால்தான் வந்தது.

காகிதத்தை அவள்முன் விரித்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், எண்ணும் தெரியும். நான்கு கட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்போ உங்கப்பா என்னால சாவலன்னு இதுல எழுதிகீதா?" என்று கேட்டாள். கண்ணு, அந்த நிமிஷம் ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நீயும் அடுத்த மாதமே மாப்பிள்ளை ஆகியிருப்பாய். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவளை இருபத்தாறு வருஷம் வாட்டியதே நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு பொய்தான். அதன்மேல் நான் இன்னொன்றை எழுதவா? இல்லை என்றேன். இது கூட்டத்தைப் பற்றிப் பேசும், ஒரு ஆளைப் பற்றி வாய் திறக்காது. மூலப் பெண்களின் மாமனார்கள் மற்றவர்களைவிட அதிகம் சாகிறார்கள் என்று சொல்ல இதில் ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஊர் சொல்வது பொய் என்று சத்தியம் பண்ணவும் இதற்கு அதிகாரம் கிடையாது. முப்பது பேருக்குப் பதில் மூவாயிரம் பேரை எண்ணினால் சின்ன வித்தியாசம் ஏதாவது தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்றேன். எனக்கே அழுகை வந்தது. இவ்வளவு உழைத்து, கடைசியில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லையே என்று.

அவள் விரலை அந்த ஆறின்மேல் வைத்தாள். "இந்த ஆறு பேரு யாரு?" என்றாள். ஏன் என்றேன். "அவங்கள யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றாள். எழுநூற்று எண்பது வரியை எழுதிய எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அந்த ஆறில் ஒருத்தி காதரின் மகள் ஜைனப். பூந்தமல்லியிலேயே வாழ்க்கைப்பட்டவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மாமனார் போனார். காதரிடம் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாள் மென்று விழுங்கினேன். சொன்னதும், "அவருக்கு அறுபத்தெட்டு வயசு, அண்ணாத்தே" என்றான். அதற்குமேல் அவனுக்கு அதில் பேச ஒன்றும் இல்லை. ஜைனப்பிடம் நட்சத்திரம் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது என்று மூவரும் பேசிவைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். அந்தப் பெண் உன் அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, கேட்காமலே மாமனாரைப் பற்றிப் பேசினாள். "காலைல கடைக்குக் கெளம்பறப்போ, ஜைனு, கதவ சாத்திக்கோம்மான்னு சொல்லிட்டுத்தான் போவாரு. இப்ப யாரும் சொல்றதில்ல. நானே போய் சாத்திக்கறேன்" என்றாள். சொல்லும்போதே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பி அழுதாள். அவள் மாமியார் பக்கத்தில் வந்து அவள் தலையைத் தடவினாள். அவ்வளவுதான் நடந்தது.

குதிரை வண்டியில் திரும்பினோம். அம்பத்தூர் ஏரிக்கரை வந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ அழுதா, பாத்தீங்களா? நான் உங்கப்பாவுக்காக ஒரு சொட்டு அழல. அன்னிக்கு மூலைல நின்னுகினு, யாராச்சும் என்னப் பாக்கறாங்களான்னு பாத்துகினு இருந்தேன். அவ்ளோதான். மொத நாளு நான் வடிச்ச சோறு கொழஞ்சி போச்சி. எனக்குப் பல்லு இல்லம்மா, எனக்கு இப்படித்தான் வேணும்னு சொல்லி ரெண்டு தபா கேட்டு வாங்கித் தின்னாரு. அந்த மனுசனுக்கு நான் அழலியே." அப்புறம் அழுதாள். வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் அவரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். என் அப்பாவின் அந்தக் குழைந்த சோற்றுக் கதை எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. நானும் சேர்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் அவளே சொன்னாள். "பயம் போவல. போவாது போல கீது. ஆனா என் பயத்துக்கு அந்தப் பொண்ண எதுக்குத் தண்டிக்கணும்? வாத்தியாருக்குச் சொல்லி அனுப்புங்க." நான் சைக்கிளை ரயிலடியில் போட்டுவிட்டு நேரே திருநின்றவூர் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆவணியில் முகூர்த்தம். அதற்குத் தகுந்தபடி லீவு எழுதிப் போடு. கற்பகத்தின் நட்சத்திரத்தை யார் கேட்டாலும் மூலம் என்றே சொல்வது என்று உன் அம்மா தீர்மானமாக இருக்கிறாள். தன்னுடையதையும் சொல்லப் போகிறாளாம். எப்போது, யாரிடம் என்று நான் கேட்கவில்லை, அது அவள் பாடு.

இப்போது நான் கேட்க வந்தது. எனக்கு வயது ஐம்பத்தாறு. எந்த நட்சத்திரக்காரி மருமகளாக வந்தாலும், ஐந்து வருஷத்துக்குள் ஆறில் ஒரு மாமனார் போகிறார் என்று என் நோட்டே சொல்கிறது. அந்த ஒருவர் நானாகவும் இருக்கலாம். அப்படி ஆனால் அது உன் அம்மாவுக்குப் பெரிய சோதனையாக இருக்கும், அவளை நீ கைவிட மாட்டாய், அது எனக்குத் தெரியும். நான் கேட்பது கற்பகத்துக்காக. அன்றைக்கு வீடு முழுக்கக் கூட்டம் இருக்கும். யாராவது ஒருத்தி வாயைத் திறக்காமல் அந்தப் பெண்ணின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். அந்த நிமிஷம் நீ என் தலைமாட்டில் நிற்க வேண்டாம். எழுந்து போய், எல்லாரும் பார்க்க அவள் பக்கத்தில் நில். என் மருமகள் எனக்காக வாய்விட்டு அழ வேண்டும், கண்ணு. அவளை மூலையில் நிற்க விடாதே.

உன் அப்பா